கிணற்றுப்படி

ஒரு காட்டில், பட்டப்பகல்ல, ஒரு கரடி கிணத்துல விழுந்துருச்சு. குடிச்சிருந்துச்சான்னு கேக்காதீங்க. பாவம், அது சிங்கராஜாவோட தேன் துறையில குமாஸ்தா. போன்ல வருகைப் பதிவு போடணும், சிக்னல் இல்லை. போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பின்னாடியே நடந்துச்சு. சிக்னல் கிடைச்சுது, தரை கிடைக்கலை.

கிணத்துல நெஞ்சளவு தண்ணி. மேல மழை வேற பிடிச்சுக்கிச்சு. எல்லாக் கரடிக்கும் நீச்சல் தெரியும், இதுக்குத் தெரியாது. ஒண்ணும் தெரியாததாலதானே அரசாங்க உத்தியோகத்துக்கு வந்துச்சு!

கரடியோட பொண்டாட்டி வடிவு தலையில அடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. "ஐயோ, என் மனுஷன் போறாரே! யாராவது ஒரு ஏணி குடுங்களேன்!"

ஏணிக்கா பஞ்சம்? கிணத்துக்கு எதிர்லயே குரங்கோட ஏணிக்கடை. சத்தம் கேட்ட குரங்கு ஒரு ஏணியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்துச்சு. கிணத்துக்குள்ள இறக்கப் போற நேரத்துல "நில்லுய்யா!"ன்னு ஒரு அதட்டல். யாருன்னு பார்த்தா, கொள்முதல் அதிகாரி நரி, கையில டேப்லெட்டோட நிக்குது.

"விழுந்தது அரசு ஊழியர். கிணறு அரசுக் கிணறு. அப்ப ஏணியும் அரசுக் கொள்முதல்தான். கம்ப்யூட்டர்ல ஏத்தாம ஒரு துரும்பு உள்ள போகக்கூடாது, தெரியும்ல?"

ராஜா புதுசா ஒரு மென்பொருள் போட்டிருந்தார். சம்பளம், பில்லு, கொள்முதல் எல்லாம் அதுக்குள்ளதான். திருட்டு ஒழிஞ்சுரும்னு சொன்னாங்க. ஒழியத்தான் செஞ்சுது. ஒரு சாமானும் வாங்க முடியலைன்னா எதைத்தான் திருடுறது?

நரி 'ஏணி'ன்னு தட்டுச்சு. மூணு கம்பெனி விலைப்புள்ளி வேணும்னு கேட்டுச்சு கம்ப்யூட்டர்.

"இந்தக் காட்டுல ஏணி விக்கிறதே நான் ஒருத்தன்தான் சார்,"னு சொல்லுச்சு குரங்கு. "உசிரு போற நேரம். சும்மாவே எடுத்துக்கோங்க."

நரி விலைக் கட்டத்துல பூஜ்யம் போட்டுச்சு. திரை முழுக்கச் சிவப்பாயிருச்சு.

"பூஜ்யம்னா சந்தேகத்துக்குரிய விலையாம். உன் மேல லஞ்ச ஒழிப்புக்குத் தகவல் போயிருச்சுய்யா."

"அடப்பாவிகளா, தண்ணி கழுத்துக்கு வந்துருச்சுடா!" உள்ளேயிருந்து கரடி அலறுச்சு. வடிவு நரியோட சட்டையைப் பிடிச்சு உலுக்கினா. நரிக்கும் கவலைதான். ஊழியர் செத்தா அதுக்கு வேற தனியா ஒரு பக்கம் நிரப்பணும்.

குரங்குக்குத் திடீர்னு ஒரு யோசனை. "சார், ஏணின்னு போட்டாத்தானே மூணு பேரைக் கேக்குது? படின்னு போட்டுப் பாருங்க. ஏணிப்படின்னு சொல்றதில்லையா?"

நரி 'படி'ன்னு போட்டுச்சு. திரை பச்சையாயிருச்சு. எந்தப் படின்னு கேட்டுச்சு: பயணப்படி, பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, இதர படி.

"இதரதான்யா நம்ம கேஸு!" நரி அமுக்குச்சு. காரணம் கேட்ட இடத்துல 'ஊழியர் கிணற்றில் இருக்கிறார்'னு எழுதுச்சு.

கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள ஒப்புதல் வந்துருச்சுங்க! காடு முழுக்க இருக்கிற அத்தனை போனும் ஒரே நேரத்துல சிணுங்குச்சு. 'கிணற்றில் இருக்கும் ஊழியர் அனைவருக்கும் இன்று முதல் மாதந்தோறும் கிணற்றுப்படி வழங்கப்படும்.'

"ராஜா படியளந்துட்டாருடோய்!"னு கத்திக்கிட்டு முதல்ல குதிச்சது கணக்குப் பிரிவு மான். பின்னாலயே காட்டுப்பன்றி குதிச்சுது. மருத்துவ விடுப்புல இருந்த முயல் நொண்டிக்கிட்டே வந்து விழுந்துச்சு. பொதுப்பணித்துறை யானை குதிச்சதுல பாதித் தண்ணி வெளிய வந்துருச்சு. அதுக்கு மேல ஆமை, ஆமைக்கு மேல எருமை. நம்ம கரடி யானை முதுகுல கால் வச்சு, எருமை கொம்பைப் பிடிச்சு, தத்தித் தத்தி மேல வந்து சேர்ந்துச்சு.

வடிவு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சு ஓன்னு அழுதா. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, "ஏன்யா, இந்த ஒரு மாசம் உள்ளயே இருந்திருக்கக் கூடாதா?"ன்னு கேட்டா.

கரடி வாயைத் திறக்கறதுக்குள்ள அதோட போன் சிணுங்குச்சு. 'பயனாளி கிணற்றில் இல்லை. படி ரத்து.'

குரங்கு மட்டும் அந்த ஏணியை விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "பாவம், இதுங்களையாவது தூக்கி விடுவோம்"னு ஏணியை உள்ள இறக்குச்சு.

"எவன்டா அவன் ஏணி கொண்டு வந்தவன்?" மான் சீறுச்சு. "வயித்துல அடிக்காதே!" ஆமை அழுதுச்சு. எருமை ஏணியை ஒரே முட்டுல வெளிய தள்ளுச்சு. நரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துச்சு. டேப்லெட்டைக் குரங்கு கையில குடுத்துட்டு, கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுக்கிட்டு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சுது.

கரடி கிணத்து மேட்டுல குனிஞ்சு நின்னு கெஞ்சுச்சு. "கொஞ்சம் நகர்ந்துக்கோங்கப்பா. நான்தானே முதல்ல விழுந்தேன்!"

உள்ளேயிருந்து முயலோட குரல் கேட்டுச்சு. "எந்திரிச்சுப் போனா எடம் போச்சு. கியூவுல வாய்யா!"

நீதி: கிணத்துல விழுந்தவனுக்கு ஏணி குடுத்தா ஒருத்தன் மேல வருவான், அலவன்ஸ் குடுத்துப் பாருங்க, கிணறே பத்தாது.