பொள்ளாச்சி அத்தைக்கு என் தைராய்டு நிலவரம்

இல்லைங்க அத்தை, நிறுத்தவில்லை. ஒரு வாரம் மட்டும் அந்த மாத்திரை அட்டை அப்பாவின் ரெயின்கோட் பைக்குள் சிறை இருந்தது. அதை நிறுத்தியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

முறைப்படி முதலில் எழுத வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

அன்பும் மரியாதையும் மிகுந்த வேலாமணி அத்தைக்கு, குந்தா மின்வாரியக் குடியிருப்பிலிருந்து தம்பி மகள் ஷண்முகப்ரியா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும் தென்னை மரங்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பனி இருக்கிறது. கரண்ட் இல்லை. உற்பத்தி செய்கிற ஊர் என்பதால் யாரும் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் நான் எதைச் சொன்னாலும் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறீர்கள். ஐப்பசியில் எனக்கு மாதவிலக்கு தள்ளிப் போனதைச் சொன்னபோது, அந்தப் பக்கத்தில் உங்கள் தேங்காய் வியாபாரி, "பாவமுங்க, சின்னப் புள்ளை" என்று வருத்தப்பட்டது எனக்குக் கேட்டது. நல்ல மனிதர். இருந்தாலும்.

காகிதத்துக்கு ஸ்பீக்கர் இல்லை.

விஷயம் இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கிருத்திக் வீட்டார் கோயமுத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். உங்கள் ஏற்பாடு. அவர்களிடம் நீங்கள், "எங்க புள்ளை பொறந்ததுல இருந்து ஒரு மாத்திரை தொட்டதில்லைங்க, எல்லாம் இயற்கைதான்" என்று சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு வந்த வாய்ஸில், "கண்ணு, அந்த மாத்திரை அட்டைய அரிசி டப்பாக்குள்ள போட்டு வெச்சிரு, நான் அனுப்புன மண்ணு மூட்டைய மட்டும் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெய்யி" என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அது பொய், அத்தை. அதன் மேல் நான் உட்கார்ந்து காபி கொடுக்க முடியாது.

நடந்தது முழுவதும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வாய்ஸ் அனுப்புவீர்கள். நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. மாத்திரையை நிறுத்தவில்லை என்று நான் மூன்று முறை சொன்னேன். பூசணிச் சாற்றில் உப்புப் போடலாமா என்பதற்குப் பதில் அனுப்பினீர்கள். ஆகவே முதலிலிருந்து.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். பதினொன்று என்று வந்தது, ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது, ஸ்கேனில் சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்றும் வந்தது, டாக்டர் தைராய்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார், அப்பாவோ பவர் ஹவுஸில் முப்பது வருடமாக மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், அந்தத் தாளைக் கையில் வாங்கி, "அஞ்சுக்குள்ள ஓட வேண்டிய மெஷினு பதினொன்னுல ஓடுதா? ஓவர் ஸ்பீடு! மொதல்ல வால்வை மூடோணும்!" என்று எழுந்து நின்றார், வால்வு என்றால் மாத்திரை, அதை எடுத்து ரெயின்கோட் பைக்குள் போட்டு பட்டனும் போட்டுக்கொண்டார், ஓவர் ஸ்பீடில் ஓடுவதாகச் சொல்லப்பட்ட நான் அப்போது சோபாவில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தேன், அதே சாயங்காலம் பார்த்து இயற்கை வாழ்வு முகாமை முடித்து இளைத்துத் திரும்பியிருந்த உங்களிடமிருந்து வரிசையாக ஒன்பது வாய்ஸ்: மண் பட்டி, இடுப்புக் குளியல், காலையில் பச்சை முட்டைக்கோஸ் சாறு, டீ கூடவே கூடாது, மாத்திரை விஷம். அப்பாவுக்கு வேறென்ன வேண்டும். அக்காவும் மீட்டரும் ஒரே பக்கம் நின்றால் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

நான் தமிழில் எம்.ஏ. உடலும் மொழியும் என்று ஒரு தாள் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அதில் தைராய்டு வரவே இல்லை.

முதலில் மண். நீங்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய புற்றுமண் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. மலைக்குள் பிளாஸ்டிக் வரக்கூடாது என்பது உங்களுக்கு மறந்துவிட்டது. சோதனைச் சாவடியில் பையை வைத்துக்கொண்டு மண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கண்டக்டர் தன் கம்பளியை விரித்து அதில் கொட்டி மூட்டை கட்டி எங்கள் வீடு வரைக்கும் தூக்கி வந்தார். இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"ஏனுங்க, மலை பூரா மண்ணுதான் கெடக்குது. பொள்ளாச்சில இருந்து வரவழைக்கறீங்களே, இது உங்க கண்ணுக்கு மண்ணாத் தெரியலீங்களா?"

 அம்மா கம்பளியை வாங்கித் துவைத்துப் போட்டார். அது காய இரண்டு வாரம் ஆனது.

பிறகு தொட்டி. அப்பா ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, விளிம்பை ராவி, கீழே வால்வு வைத்து, உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் தொங்கவிட்டார். "ஏழு டிகிரி. நல்ல கூலிங்." பொள்ளாச்சியில் குளிர்ந்த நீரில் இடுப்புக் குளியல் சுகமாக இருக்கும், நம்புகிறேன். இங்கே உட்கார்ந்ததும் இடுப்பு என்று ஒன்று இருந்தது நினைவில்தான் இருந்தது. பல் தந்தியடித்தது. கதவுக்கு வெளியே அப்பா.

"டெம்பரேச்சர் என்னாச்சு, புள்ளை?"

"எதோட டெம்பரேச்சருங்கப்பா?"

"நீ எதைச் சொன்னாலும் சரி."

புள்ளை தனியாகச் செய்யக் கூடாது என்று, தனக்கும் சர்க்கரை இருப்பதால், மண் பட்டியில் அவரும் சேர்ந்துகொண்டார். ஒரு நாள் கூடத்தில் பாய் போட்டு, வயிற்றில் மண், இரண்டு கண் மேலும் மண், கையை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் நாற்காலியில் நான், கழுத்தைச் சுற்றி மண், பேச்சில்லை. பவர் ஹவுஸ் ரெண்டாம் யூனிட்டில் ஏதோ கோளாறு என்று அப்பாவைக் கூப்பிட வந்த உதவிப் பொறியாளர், ஏ.ஈ. சுரேந்திரன் சார், வாசலில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அம்மாவிடம் மெதுவாக, "எப்பங்க ஆச்சு?" என்றார்.

அம்மா அன்றைக்கு இருந்த நிலையில் டீயைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. "மூணு நாளாச்சுங்க சார், டீயை நிறுத்தி. சுத்தியும் டீத்தோட்டம். ஜன்னலைத் தொறந்தா ஃபேக்டரி வாசம். உள்ள முட்டைக்கோஸ் சாறு. நான் என்ன பாவம் பண்ணுனனுங்க?"

அப்பா கண்ணைத் திறக்காமல், "யாரு, ஏ.ஈ. சாருங்களா? ரெண்டாம் யூனிட்டா?" என்றார். சார் ஒரு அடி பின்னால் போய் எங்கள் செருப்புகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அம்மா எங்கள் இரண்டு பேரையும் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். அங்கே இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. எல்சா டாக்டர். சின்ன வயது. எல்லாவற்றையும் கேட்டார், டிரம் உட்பட. சிரிக்கவில்லை. அது பெரிய விஷயம்.

"சார், டி.எஸ்.எச். தைராய்டுல சுரக்கறது இல்லைங்க. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி தைராய்டைப் பார்த்து, வேலை செய், வேலை செய்னு போடற சத்தம். தைராய்டு மந்தமா இருந்தா சத்தம் ஜாஸ்தியாகும்."

அப்பா ரிப்போர்ட்டை மறுபடி கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"அப்பிடின்னா, சென்னைல இருந்து கரண்டு லோடு கேட்டு போன் மேல போன் போடறாங்க. இங்க மெஷினு எந்திரிக்கவே இல்லை. அப்பிடிங்களா?"

"அப்படித்தாங்க சார்."

"பதினொன்னுங்கறது ஸ்பீடு இல்லீங்க. பதினொரு போனு."

"ஆமாங்க."

அப்பா திரும்பி என் கழுத்தைப் பார்த்தார். "எந்திரிக்காத மெஷினுக்கா ஒரு வாரமா பிரேக் போட்டேன்?"

ரெயின்கோட் பட்டனைக் கழற்றினார். அட்டையை எடுத்து இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

எல்சா டாக்டர் சொன்னது சுருக்கமாக. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. பச்சைக் கோஸ் சாறு வேண்டாம், வேகவைத்துச் சாப்பிடலாம். குளியல் வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீர். இந்தக் குளிரில் ஏழு டிகிரி யாருக்கும் மருந்தில்லை. நடை. ராகி, சாமை. ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் தூங்குவது. நீர்க்கட்டிக்கும் அப்பாவின் சர்க்கரைக்கும் இதுதான் பெரிய துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை, மாத்திரைக்குப் பக்கத்தில். அம்மாவுக்கு ஒரே சந்தேகம்.

"டீங்க, டாக்டர்?"

"பொண்ணு மட்டும் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கட்டுங்க. நீங்க எப்ப வேணாலும் குடிங்கம்மா."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடச் சொல்லி நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.

இப்போது பெருமை. இதை எழுதத்தான் இத்தனையும்.

சாயங்காலம் அணை ரோட்டில் நடக்கிறேன். முதலில் நான் மட்டும். பிறகு அப்பா, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர். பிறகு சுரேந்திரன் சாரின் மனைவி. இப்போது குடியிருப்பில் பாதிப் பெண்கள். கேட்டுப் பார்த்தால் ஒவ்வொருத்தர் கழுத்திலும் ஒரு கதை இருக்கிறது. யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஏற்றத்தில் நான் முன்னால் போகிறேன். மூச்சு வாங்கவில்லை. இந்த வரியை எழுதும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். மூன்று. அப்பா கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, "என்ற புள்ளை மெஷின் சிங்க்ரனைஸ் ஆயிருச்சு, லைனோட சேந்து ஓடுது!" என்று ஷிப்ட்டில் இருந்த எல்லோருக்கும் சொன்னார். அவர்கள் கை தட்டியது எனக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கம் ஒரு நிமிஷம்தான். அப்பாவின் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, இடுப்பில் வேட்டி நிற்கவில்லை, பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறார். எனக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு சரியாக வருகிறது. தேங்காய் வியாபாரியிடம் இதை மட்டும் தாராளமாகச் சொல்லலாம்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைச் சோம்பேறி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படித்த சோம்பேறி. போன வருடம் நீங்கள் இங்கே வந்தபோது என் கையைத் தொட்டுப் பார்த்து, "இது சோம்பேறித்தனம் இல்லைடா சுப்பு, புள்ளை கை சில்லுனு கெடக்குது, மொதல்ல ரத்தம் பாரு" என்று அப்பாவோடு சண்டை போட்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி தப்பு. பரவாயில்லை. அந்த ஒன்று போதும். என் உடம்பை முதலில் நம்பியது நீங்கள்தான்.

அதனால்தான் கேட்கிறேன். அதே உடம்பை ஏன் அரிசி டப்பாக்குள் ஒளிக்கச் சொல்கிறீர்கள்?

உங்கள் வாய்ஸைக் கேட்டுவிட்டு அப்பா சொன்னார்: "நம்ம உற்பத்தி பத்தலைன்னா வெளிய இருந்து கரண்டு வாங்கறோம். அதுக்குனு யாராச்சும் கம்பியத் துணி போட்டு மூடறாங்களா? அக்காகிட்ட நீயே எழுது. எனக்குப் பயமா இருக்குது."

ஆகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீங்கள் கிருத்திக் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். தைராய்டு இருக்கிறது. நீர்க்கட்டி இருக்கிறது. தினமும் மாத்திரை, அனேகமாக ஆயுசு முழுக்க. பெண் நன்றாக இருக்கிறாள். இந்த நான்கையும் இதே வரிசையில். சொல்லாவிட்டால் அவர்கள் வர வேண்டாம். நானே சொல்லலாம்தான். ஆனால் முன்பின் தெரியாத ஆளைப் போனில் கூப்பிட்டுத் தன் ஹார்மோன்களை அறிமுகம் செய்துவைக்கிற பெண் நானில்லை. பெரியவர்கள் மூலம் போவதே முறை. முறையில் எனக்கு நம்பிக்கை உண்டு.

மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைய மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன், டாக்டரையும் பாருங்கள். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், ஸ்பீக்கரில் வந்தாலும் சரி.

உங்கள் அன்பு மருமகள்,
ஷண்முகப்ரியா

பின்குறிப்பு: கவரில் உங்கள் முகவரியை எழுதும்போதுதான் தோன்றியது, இது தபாலில் உங்களிடம் வந்து சேர்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை முடிந்திருக்கும். அதனால் கிருத்திக்கின் நம்பரை அப்பாவிடம் வாங்கி நானே கூப்பிட்டேன். நான்கையும் அதே வரிசையில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அவர், "ஊட்டுல கேட்டுச் சொல்றனுங்க" என்றார். "நானும் உங்களைப் பத்தி எங்க ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க" என்றேன். ஆகவே நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மேலே எழுதியதெல்லாம் தேவையில்லை. எழுதிவிட்டதால் அனுப்புகிறேன். போனை வைத்துவிட்டு மூன்று தோசை ஊற்றிச் சாப்பிட்டேன்.