மற்ற இடங்கள்: ஒருவர்

ஆபீஸ் லயம், தேயிலைத் தோட்டம்,
பிரிஞ்சாங்.

அன்பு மருமகப்பிள்ளை திருமாறனுக்கு, முப்பத்தாறு வருஷம் தோட்ட ஆபீஸில் பேர் பதிந்து கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து ஓய்ந்துபோன உன் தாய்மாமன் சாம்பசிவம் எழுதுவது. இங்கே மழைக்கும் குளிருக்கும் குறைவில்லை. நானும் உன் அத்தை பாஞ்சாலையும் இருக்கிறோம். கோலாலம்பூரில் நீயும் உன் அம்மா கங்காவும் நலமாக இருக்க முருகன் துணை செய்வானாக. போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால்தான் கடுதாசி.

என் மகன், உன் மச்சான் மகேன் சிங்கப்பூரில் இருப்பதாக உன்னிடம் சொன்னது பொய். அவன் வீட்டை விட்டுப் போய் நாலு மாதம் ஆகிறது. தோட்டத் துரையிடம் நான் கெஞ்சி வாங்கிக் கொடுத்த தேயிலை பெக்டரி வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். "இந்த வாசப்படிய இனி மிதிக்காதே" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்னதை அவன் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

போன மாதம் தானா ராத்தா டவுனில் நடந்த கல்யாணத்தில், போனில் விளம்பரம் காட்டுகிற உன் கம்பெனியைப் பற்றி நீதான் பெருமையடித்தாய். "விளம்பரத்தை யார் எந்த ஊர்ல இருந்து பார்த்தாலும் எங்க ரிப்போர்ட்ல வந்துரும்லா மாமா. ஊரை எப்படிக் காட்டணும்னு முடிவு பண்றதே எங்க டீம்தான்." பாயசத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பாஞ்சாலை எலுமிச்சை ஊறுகாய் போத்தலோடு நிற்கிற படத்தை நாடு முழுக்கப் போட்டால், பெற்றவள் முகத்தைப் பார்த்தும் அந்தப் பயல் தொடாமல் இருப்பானா? தொட்டால் ஊர் தெரிந்துவிடுமே. நான் ஊறுகாய் வியாபாரம் செய்யப் போகிறேன் என்று நீயும் நம்பினாய், உன் அத்தையும் நம்பினாள்.

முதல் ரிப்போர்ட்டில் ஊரே இல்லை, ஊருக்குப் பதில் ஏழு இலக்க எண், நம் வட்டாரத்து வீட்டு போன் நம்பரெல்லாம் ஏழு இலக்கம்தானே என்று முன்னால் வட்டாரக் கோடு சைபர் அஞ்சு போட்டு அடித்தேன், ஈப்போவில் ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார், மகன் இருக்கிறானா என்று மலாயில் கேட்டேன், நல்ல மனுஷர், தன் மகனைக் கூப்பிட்டுக் கொடுத்தார், யாரென்றே தெரியாத அவனிடம் நான் அழுதுவிட்டேன். "ஊர்ப் பேர் மாறும் மாமா, நம்பர் மாறாது, அதான் நம்பர்" என்றாய். சரி, பேர் போட்டுக் கொடு என்றேன். அடுத்த வாரம் மலையடிவாரத்துத் தாப்பா என்று வந்தது, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கிப் போய், மகன் படத்தைக் கடை கடையாகக் காட்டிவிட்டு வந்து படுத்தேன், அப்புறம்தான் நீ சொல்கிறாய், தாப்பாவில் இருக்கிறவனும் தாப்பாவைப் பற்றிப் போனில் தேடுகிறவனும் ஒரே வரிசையில்தான் வருவார்களாம். உடம்பு இருக்கிற இடமும் மனசு இருக்கிற இடமும் ஒன்றா? நான் அப்படிப் பேர் பதிந்திருந்தால் இந்தத் தோட்டத்தில் பாதிப் பேரை, ஊர் நினைப்பிலேயே இருக்கிற பங்களாதேஷ்காரர்களை, டாக்காவில் கொழுந்து எடுத்ததாக எழுதியிருக்க வேண்டும். அதற்கடுத்த வாரம் வெறும் பகாங். ஊர் தெரியாவிட்டால் மாநிலத்தைப் போட்டுவிடுவீர்களாம், பகாங் என்ன என் வீட்டுக் கொல்லையா, நான் போய்த் தேட? அப்புறம் பிரிஞ்சாங், நாற்பத்தொரு தடவை. பயல் இங்கேயேதான் சுற்றுகிறான் என்று ரெண்டு நாள் கடைத்தெருவில் அலைந்தேன். ஸ்ட்ராபெரி விற்கிற உமாதேவி, "கிராணி ஐயாவுக்கு என்னாச்சு?" என்று எல்லாரிடமும் கேட்டிருக்கிறாள். கடைசியில் அந்த நாற்பத்தொன்றும் நான்தானாம். பார்த்தானா, பார்த்தானா என்று நானே தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

நேற்றைய ரிப்போர்ட்டில் கடைசி வரி, மற்ற இடங்கள்: ஒருவர். ஆள் குறைவாக இருந்தால் ஊரைச் சொல்ல மாட்டீர்களாம், சொன்னால் இன்னார் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களாம். கண்டுபிடிக்கத்தானய்யா போட்டேன். அந்த ஒருத்தன் என் மகன்தான் மாப்ள. சாப்பிட்டானான்னு தெரியல, போர்த்திக்க ஒரு கம்பளி இருக்கான்னு தெரியல, எனக்குத் தூக்கமே இல்ல. உன் மேனேஜர் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் எனக்குத் திறந்து காட்டச் சொல்.

தங்கைக்கு என் ஆசி. உனக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும், உன் கண்ணில் தண்ணீர் வரவைக்காத பிள்ளைகள் பிறக்கட்டும்.

இப்படிக்கு,
வேறு வழி தெரியாத மாமன்,
சாம்பசிவம்

பி.கு.: கடுதாசியை மடிப்பதற்குள் உன் அத்தை பிடுங்கிப் படித்துவிட்டாள். "இதுக்கா என் படத்தை ஊரெல்லாம் காட்டுனீங்க? அவன் திரிங்காப்புல பூத்தோட்டத்துல இருக்கான். வெள்ளிக்கு வெள்ளி தர்மேந்திரன் காய்கறி லோரியில சோறு கொடுத்து விடுறேன். கம்பளியும் கொடுத்தாச்சு. ஒரு நாளு நீங்க கேட்டிருந்தா சொல்லிருப்பேன்லா" என்கிறாள். திரிங்காப் இங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. நாலு மாதத்தில் அவளிடம் ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடு. யாருடைய வரியையும் திறக்க வேண்டாம், நீங்கள் செய்ததே சரி. இப்பவே கிளம்புங்க என்கிறாள். சட்டையைப் போட்டேன், கழற்றி வைத்துவிட்டேன். அவன் முன்னால் போய் நின்று என்ன பேசுவது? அதனால் ஒரு உதவி செய். ஊறுகாயை எடுத்துவிட்டு என் படத்தைப் போடு, கீழே "வீட்டுக்கு வாப்பா" என்று எழுது, திரிங்காப்பில் மட்டும் காட்டு. யார் பார்த்தார்கள் என்று எனக்குச் சொல்லவே வேண்டாம். யாரோ ஒருவர் பார்த்தார் என்று வந்தால் போதும், நான் பஸ் ஏறிவிடுவேன்.