கோலுக்கு முந்திய சைரன்

கால்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டான நாளிலிருந்து, அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாமல் அதற்காக உயிரை விடத் தயாராக இருந்த ஒரே ஆள் எங்கள் கம்பெனி கேட்டில் நின்ற சைரன் அண்ணன்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

வல்லம் வடகாலில் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி அது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே நான்கு வருஷம் அசெம்ப்ளி லைனில் நின்றேன். இப்போது எழுதிப் பிழைக்கிறேன். முதுகுவலியில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஷிப்ட் மாறும்போது ஊதுகிற மின்சார சைரன் ஒரு மழையில் நனைந்து ஊமையாகிவிட்டது. மெயின்டனன்ஸைக் கேட்டால் “ஸ்பேர் வந்துக்கினே கீது” என்றார்கள். அது வரும்வரை இருக்கட்டும் என்று, தீயணைப்புப் பயிற்சிக்கு வைத்திருந்த கைச்சைரனை கேட்டில் நின்ற செக்யூரிட்டியிடம் கொடுத்தார்கள். சிவப்பாக, பக்கத்தில் பிடி வைத்து, சுற்றச் சுற்ற ஊளையிடும் சாமான். அந்த ஸ்பேர் இன்னும் வழியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இப்படித்தான் அவர் சைரன் அண்ணன் ஆனார்.

அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கையில் இருக்கும் வேலை பாதியில் கிடந்தாலும் அப்படியே விட்டுவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும். ஒயர் நுனியில் மாட்டுகிற பொடிப் பித்தளைத் துண்டு எதுவும் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாதாம். சூப்பர்வைசர் எல்லாக் கையையும் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் அடுத்த ஷிப்ட் பெண் எங்கள் இடத்துக்கு வருவாள். போலீஸ் வளைத்துப் பிடித்த கொள்ளைக் கூட்டம்போல வரிசையாக நிற்போம். முதல் வாரம் சிரிப்பு வரும். அப்புறம் சிரிப்பு போய்விடும், கை மட்டும் தானாகப் போகும்.

எச்.ஆர். சாருக்கு ஒரு நாள் பெண்கள் கால்பந்து அணி என்ற யோசனை உதித்தது. நோட்டீஸ் போர்டில் படம் ஒட்ட ஏதாவது வேண்டுமே. பதினைந்து பேரைப் பிடித்தார்கள். அதில் கோல் போடத் தெரிந்தவள் செய்யாறு பக்கத்து கனகா ஒருத்திதான். மற்றவர்களுக்கு ஓடத் தெரியும். எனக்கு உட்காரத் தெரியும் என்பதால் மாற்று கோல்கீப்பர் ஆக்கினார்கள்.

லாரிகள் நிற்கும் வெற்றிடத்தில், சைரன் அண்ணன் கேபினுக்கு எதிரேதான் பிராக்டிஸ். ஆரம்பத்தில் அவர் எங்களுக்கு ஜென்ம விரோதி. பந்து சுவரைத் தாண்டிப் போனால் எடுக்க விடமாட்டார்.

“கேட் பாஸ் கீதா?”

“அண்ணே, பந்துண்ணே. இந்தா தெரியுது பாருங்க.”

“மெட்டீரியல் வெளிய போயிருக்குது. பேப்பர் இல்லாம உள்ள எப்டி வரும்? சும்மா கேக்காத.”

ஒரு தரம் கேட் பாஸ் எழுதி, ஸ்டோர்ஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துதான் பந்தை மீட்டோம். அதற்குள் இருட்டிவிட்டது.

அவர் மனம் மாறியது ஒரே உதையில். கனகா அடித்த பந்து கம்பத்தைத் தாண்டிப் பறந்து, கேபின் ஜன்னல் வழியாகப் புகுந்து, அவருடைய டீ ஃபிளாஸ்கைத் தரையில் சாய்த்தது. தொலைந்தோம் என்று நின்றோம். அவர் உடைந்த ஃபிளாஸ்கைப் பார்த்தார், கனகாவின் காலைப் பார்த்தார், மறுபடி ஃபிளாஸ்கைப் பார்த்தார்.

“அங்கேர்ந்தா உதைச்ச?”

“ஆமாண்ணா. தெரியாம வந்துருச்சு.”

“இந்தக் காலை வெச்சிக்கினு இன்னாத்துக்கும்மா ஒயர் கட்டிக்கினு கீற?”

அன்றிலிருந்து எங்கள் அணிக்கு ஒரு ரசிகர் மன்றம் உண்டானது. உறுப்பினர் ஒருவர். அவருக்குப் புரிந்த கால்பந்தே வேறு. கோல்கீப்பர்தான் செக்யூரிட்டி, கோல் போஸ்ட் கேட், பந்து வந்தால் அத்துமீறல். “மத்தவங்கல்லாம் ஓடி ஆடிக்கினு கீறாங்க, நீ ஒருத்திதான் டியூட்டி பாக்குற” என்று எங்கள் கோல்கீப்பர் மேரியை மெச்சுவார். கோல் வாங்கிவிட்டால் அதே மேரியைக் கூப்பிட்டு, “இன்னாம்மா, செக் பண்ணாமயே உள்ள உட்டுட்ட” என்று விசாரணை வைப்பார். பந்து மேலே போய் வெளியே விழுந்தாலும் கோல்தான் அவருக்கு. வேலி தாண்டினால் தாண்டினதுதானே.

ஒரு சாயங்காலம் கனகா நிஜமாகவே ஒரு கோல் போட்டாள். சைரன் அண்ணனுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. கேபினுக்குள் ஓடி, சைரனை எடுத்து வந்து சுற்று சுற்றென்று சுற்றினார். நாங்களும் கையைத் தூக்கிக் குதித்தோம். உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஷிப்டும் கையைத் தூக்கியது. அத்தனை லைனும் நின்று, பெண்களெல்லாம் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய், யாராவது வந்து பார்க்கட்டும் என்று காத்து நின்றார்களாம். மேனேஜர் செருப்பு மாற்றாமல் ஷாப் ஃப்ளோரில் ஓடிய ஒரே நாள் அது. அண்ணனுக்கு மெமோ கிடைத்தது.

“சைரனைக் கேட்டு லைன் நின்னா அது லைன் தப்பு” என்பதுதான் அவர் தரப்பு வாதம். எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள்தான் தடுத்தோம். அதன் பிறகு வாரவிடுமுறை பிராக்டிஸில் மட்டும், கோல் விழுந்த பிறகு மட்டும், மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார். கோல் விழுந்த சந்தோஷத்தில் நாங்கள் கையைத் தூக்கினோமா, சைரனுக்குத் தூக்கினோமா என்று அப்போது யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கம்பெனிகளும் கல்லூரிகளும் கலந்து ஆடுகிற ஒரு போட்டியில் எப்படியோ அரையிறுதிவரை வந்துவிட்டோம். இரண்டு அணிகள் வராமலே போனது எங்கள் ஆட்டத்தின் சிறப்பம்சம். அது கனகாவின் கான்ட்ராக்ட் முடியப் போகிற நேரம். முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லை வேறொரு கம்பெனியில் மறுபடி முதல் நாள் டிரெய்னியாக நிற்க வேண்டும். அந்த ரோட்டில் அப்படித்தான். கம்பெனிகள் நிற்கும், பெண்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எச்.ஆர். சார் கனகாவைக் கூப்பிட்டு, ஃபைனலுக்குப் போய்விட்டால் ஸ்போர்ட்ஸ் ஆள் என்று சொல்லி நிரந்தரம் ஆக்கிவிடலாம், மேலிடத்தில் பேசிவிட்டேன் என்றார். கனகா அதை ஹாஸ்டலில் எங்களிடம் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை. சிரித்தால் போய்விடுமோ என்று பயம்.

அரையிறுதி தண்டலம் பக்கத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி பஸ் கிளம்பும்போது சைரன் அண்ணன் நைட் டியூட்டி முடித்து அதே யூனிஃபார்மில் ஏறினார். யூனிஃபார்ம் இல்லாமல் போனால் எந்த கேட்டிலும் மரியாதை இருக்காது என்பது அவர் கொள்கை. மடியில் துண்டு சுற்றிய ஒரு மூட்டை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட் பாஸ் இல்லாத பொருள் ஒன்று அவரைத் தாண்டி வெளியே போயிற்று, அதுவும் அவர் கையாலேயே.

“அண்ணே, அதை எதுக்குத் தூக்கிட்டு வாரீக? பேசாம பஸ்ஸிலேயே வச்சிருங்க” என்றேன்.

“தண்டலத்துல எந்த லைன் ஓடுது? நிக்கிறதுக்கு அங்க இன்னா கீது? நீ கம்முனு வா.”

மூட்டைமேல் துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார்.

மைதானத்து வாசலில் நின்ற வாட்ச்மேனுக்கு சல்யூட் வைத்தார். அவரும் திருப்பி வைத்தார். உள்ளே போனதும் பழக்க தோஷத்தில் ரெஃப்ரியின் பையைத் திறந்து பார்த்தார். அந்த அம்மா முறைக்கவே, “வெளி ஆளுங்க பையைப் பாக்கிறது ரூல்ஸ் மேடம்” என்றார். பிறகு இரண்டு கோல் வலையையும் சுற்றி வந்து ஓட்டை பார்த்தார். எதிரணிப் பக்கத்து வலையில் ஓட்டை இருந்தால் சொல்ல வேண்டாம் என்று மேரி கிசுகிசுத்தாள்.

எதிரே அந்தக் கல்லூரிப் பெண்கள். எல்லார் காலிலும் ஒரே மாதிரி ஷூ. முட்டை சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. எங்கள் அணியில் பாதிப் பேர் இரண்டு நாள் முன்புவரை இரவு ஷிப்ட் பார்த்தவர்கள். வானம் வேறு மூடிக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் வராமல் எரிச்சலூட்டியது. கேலரியில் அவர்களுக்கு நூறு பேர் மேளத்தோடு இருந்தார்கள். எங்களுக்கு இருந்தவர் சைரன் அண்ணன் ஒருவர்தான். ஆனால் அவர் நூறு பேருக்குச் சமமாகத் தப்புத் தப்பாகக் கத்தினார். கார்னர் கிக்குக்கு எழுந்து நின்று அழுதார். எதிரணி பந்தை வெளியே அடித்தபோதெல்லாம் “போச்சு, போச்சு” என்று தலையில் கைவைத்தார்.

மேரி அன்றைக்கு மனுஷியாக இல்லை. எத்தனை பந்து வந்தாலும் பிடித்தாள். “செக்யூரிட்டின்னா இது” என்று அண்ணன் கேலரியில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை.

அப்போதுதான் நடுவில் ஒரு பந்து கனகாவிடம் வந்தது. ஒருத்தியைத் தாண்டினாள். இன்னொருத்தி வழுக்கி விழுந்தாள். முன்னால் கல்லூரி கோல்கீப்பர் மட்டும். கனகா பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பெஞ்சில் இருந்த நான் எழுந்து நின்றேன். அவள் நின்று உதைக்கக் காலைப் பின்னால் இழுத்தாள்.

சைரன் ஊதியது.

அவர் காத்திருக்கவில்லை. கோல் விழுந்தாயிற்று என்றே முடிவு செய்துவிட்டார். துண்டை உதறி, எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார்.

கனகாவின் கால் அப்படியே கீழே வந்தது. பந்தை விட்டு ஓரடி பின்னால் போனாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். அவள் மட்டுமா, மைதானத்தில் இருந்த பதினோரு பேரும் இருந்த இடத்தில் நின்று கையைத் தூக்கினார்கள். மேரியும் தூக்கினாள். நிதானித்துப் பார்த்தால், பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று நானும் தூக்கியிருந்தேன்.

கல்லூரி கோல்கீப்பர் கொஞ்சம் பயந்து போய்ப் பந்தை எடுத்தாள். எங்களைப் பார்த்தாள். ரெஃப்ரியைப் பார்த்தாள். விசில் வரவில்லை. நீளமாக ஒரு உதை விட்டாள். அந்தப் பக்கம் ஒருத்தி அதை வாங்கி, கையைத் தூக்கியபடி நின்ற எங்கள் பெண்களுக்கு நடுவே பூங்காவில் நடப்பதுபோல் போய் வலைக்குள் தட்டிவிட்டாள்.

எங்கள் கேப்டன் அலறிக்கொண்டு ரெஃப்ரியிடம் ஓடினாள். “மேடம், சைரன் அடிச்சாங்க மேடம்.”

“நான் விசில் அடிக்கலையேம்மா. அடிச்சது உங்க ஆளு. உங்க ஆளு அடிச்சதுக்கு நீங்க ஏன் நின்னீங்க?”

அதை எந்த நாட்டுக் கால்பந்து விதியில் எழுதிக் காட்டுவது? கேப்டன் திரும்பி வந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது.

கேலரியில் அண்ணன் கண்ணைத் திறந்தபோது மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நமக்குத்தான் அடிக்கிறார்கள் என்று அவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்த யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு அவர் முகத்திலிருந்து இறங்க ரொம்ப நேரம் எடுத்தது. நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முன்னால் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து வந்தார். ஒரகடம் மேம்பாலத்தில் டிராஃபிக்கில் பஸ் நின்றபோது திரும்பாமலே சொன்னார்: “கொஞ்சம் பொறுத்திருக்கணும்மா நானு.” கனகா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினாலாவது அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

எச்.ஆர். சார் மேலிடத்தில் பேசியது அத்தோடு மறந்துபோனது. அணியும் போனது. லாரிகள் நன்றாகக் காலை நீட்டிக்கொண்டு நின்றன. அண்ணன் சைரன் சுற்றுவது மட்டும் மாறிவிட்டது. ஷிப்ட் முடிந்தது என்று சொல்ல வேண்டிய சத்தம், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் இழுத்து இழுத்து வந்தது.

கனகாவின் கடைசி நாள். வேலையை விட்டுப் போகிறவர்களின் ஐ.டி. கார்டை வாங்கிக்கொண்டு, பையை முழுக்கக் கொட்டிச் சோதித்து அனுப்புவது கேட்டில் வழக்கம். பிளான்ட் ஹெட் பையைக்கூட விடாதவர் சைரன் அண்ணன். கனகா பையின் ஜிப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

“செக் பண்ணுங்கண்ணா.”

“ஒண்ணும் வாணாம், போம்மா.”

“ரூல்ஸுண்ணா.”

“உன் பையில இன்னா கீதுன்னு நான் பாக்கறது? எங்கிட்டேர்ந்து நீ எடுத்துக்கினு போறதுக்கு இன்னா கீது? உன் வேலையே என்னாலதான போச்சு.”

அவர் பையைக் கனகா பக்கமே தள்ளிவிட்டார். நானும் மேரியும் ஓரமாக நின்றுகொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் லாரிகளைப் பார்த்தோம்.

கனகா பையை மூடினாள். “ஏண்ணா முன்னாடியே சுத்தினீங்க?”

“நீ உட்டுறுவன்னு நான் நெனைக்கவே இல்லம்மா. போட்டுட்ட மாதிரியேதான் இருந்துச்சு எனக்கு.”

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “எங்க வூட்ல, ஸ்கூல்ல, இங்க, எல்லாம் போட்டப்புறம்தாண்ணா கைதட்டுவாங்க. போடறதுக்கு முன்னாடியே நம்பினவரு நீங்க ஒருத்தருதான்” என்றாள். கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இப்போது மறைமலை நகரில் எங்கோ, மறுபடியும் டிரெய்னி.

கொஞ்ச நாளில் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றினார்கள். கேட்டில் வேறு நிற யூனிஃபார்மில் வேறு ஆட்கள் நின்றார்கள். சைரன் அண்ணன் எங்கே என்று கேட்டேன். “பேர் இன்னா மேடம்?” என்றார்கள். அப்போதுதான் அந்தப் பெயர் எனக்குத் தேவைப்பட்டது.

லைனை விட்டு வந்து இத்தனை காலம் ஆகியும், ரோட்டில் எங்காவது சைரன் கேட்டால் என் கை தானாக மேலே போகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் உடனே இறக்குவதில்லை. எங்கேயோ கனகா கோல் போடப் போகிறாள், அண்ணனுக்கு அது முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.