காயில்காரர் ஆடிய ஒயில்

கம்பம் பள்ளத்தாக்கில் காயில்காரரைப் போல மோட்டாருக்குக் காயில் கட்டவும் ஆளில்லை. அவரைப் போல மோசமாக ஒயிலாட்டம் ஆடவும் ஆளில்லை. கோம்பையில் அவர் கடையில் எரிந்துபோன மோட்டார் ஒன்று வந்து இறங்கிவிட்டால் கை கம்பி சுற்றும், வாய் பாட்டு முனகும், தலை தானாக ஆடும். அதே மனிதர் கையில் துணியோடு ஒயில் வரிசையில் நின்றால், பல் பிடுங்க உட்கார்ந்தவர் மாதிரி இருப்பார்.

"புடிக்கலேன்னா விட்டுட்டு வாங்களேன்," என்பார் அவர் மனைவி.

"ஆட்டம் புடிச்சிருக்குடி. வரமாட்டேங்குது, அதுதேன் புடிக்கல."

சின்ன வயதிலேயே கடைக்கு வந்துவிட்டதால் ஆடக் கிடைக்கவில்லையாம். ஐம்பதைத் தாண்டித்தான் சேர்ந்தார். ஒத்திகையைப் போனில் பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பார். "எடது காலு லேட்டா எடுக்குதுய்யா," என்று மோட்டார் பழுது சொல்வதுபோல, கூட ஆடும் என்னிடம் சொல்வார். மறுநாள் இடது கால் சீக்கிரமே எடுத்து, முன்னால் ஆடுகிறவன் குதிகாலில் போய் இறங்கும்.

திருவிழா நெருங்கியது. ஒயில் வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டார்: "காலு தப்புனாத் தப்பட்டும்ணே. ஆத்தா முன்னாடி இப்படி உர்ருன்னு ஆடக் கூடாது. அன்னைக்கும் மூஞ்சி இப்படியே இருந்துச்சுன்னா, இனிமே வரிசையில ஒங்களுக்கு எடமில்ல."

காயில்காரர் கடைக் கண்ணாடியில் சிரித்துப் பழகினார். மோட்டார் கொண்டுவந்த விவசாயி ஒருவர் அதைப் பார்த்து, "நாளைக்கு வாரேன்" என்று மோட்டாரோடு திரும்பிப் போய்விட்டார்.

திருவிழா அன்று, யார் கண்ணிலும் படவேண்டாமென்று அவரை வரிசையின் வாலில் நிறுத்தினார் வாத்தியார். அவருக்கு முந்தின இடம் எனக்கு. அவசரத்தில் வாத்தியார் ஒன்றை மறந்துவிட்டார். பாதி ஆட்டத்தில் வரிசை அப்படியே திரும்பும், வால் தலையாகும்.

திரும்பினோம். எல்லோருக்கும் முன்னால் காயில்காரர்.

அவர் தப்பாக வலப்பக்கம் போனார். தலையாளைப் பார்த்தே ஆடிப் பழகிய நாங்களும் போனோம். துணியை ஒரு தாளம் முந்தி வீசினார், நாங்களும் வீசினோம். பந்தலைத் தாண்டி, பஞ்சுமிட்டாய் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனது வரிசை. கூட்டம் விசிலடித்தது.

"ஏலே, எங்கன போறீக?" என்று கத்தினார் வாத்தியார்.

"தெரியலய்யா! பின்னாலயே வாங்க!" என்று திரும்பினார் காயில்காரர். வாய் கொள்ளாத சிரிப்பு. கால் என்ன செய்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் வந்தார். "ஒரு காலுகூடச் சரியில்ல," என்றவர், அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தார். "அடுத்த வருசமும் வந்துருங்கண்ணே."

இன்றுவரை அவருக்கு ஆட்டம் வரவில்லை. வரிசையில் அவர் பக்கத்து இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.