கத்தரிக்காய்க் கல்

நுழைவாயிலில் இருந்த பெண் எவரிஸ்டோவின் தோள்பையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"பெரிய பை உள்ள போகாது. அந்த அறையில வச்சிட்டுப் போங்க."

"இதுல ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாத பைய எதுக்கு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருக்கீங்க?"

வரிசையில் பின்னால் நின்ற ரொட்டிக்கடை உபால்டோ கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான். பார்க்காமல் இருப்பானா? எவரிஸ்டோ தங்கள் ஊர்ச் சந்தையில் முப்பது வருடம் எடை ஆய்வாளராக இருந்தவர். உபால்டோவின் தராசை மட்டும் மூன்று முறை பறிமுதல் செய்திருக்கிறார்.

எவரிஸ்டோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பையில் இருந்ததைக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

அது ஒரு கல். மாதுளம்பழ அளவில் வெள்ளைப் பளிங்குத் துண்டு. ஒரு பக்கம் செதுக்கிய இலை. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன், கல்யாணத்துக்கு முந்தைய மாதம், எரிமலைச் சாம்பலில் புதைந்த இதே பொம்பெய் நகரத்தின் இடிபாடுகளிலிருந்து எடுத்தது. 'ஆற்றில் கிடைத்தது' என்று சொல்லி அதை மனைவி ஓர்டென்சியாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு கோடையும், உப்புத் தூவி அடுக்கிய கத்தரிக்காய்த் துண்டுகளின் மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பிழிந்துவந்தது அந்தக் கல்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். ஞானத்தந்தை எவரிஸ்டோதான். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவர், பழைய பாவங்களோடு கல்லையும் சொல்லிவிட்டார். ஊர்ப் பங்குக் கோயில் சாமியார் தோன் செவெரினோ தன் நாட்குறிப்பைப் புரட்டினார். பிறகு, "திருடினது திரும்பிப் போகாம மன்னிப்பு எப்படிக் கொடுக்கிறது? வியாழக்கிழமை நம்ம பங்குல சுற்றுலா போறோம். பஸ்ல இடம் இருக்கு" என்றார்.

இன்று வியாழன். கல் போகவில்லையென்றால் ஞாயிறன்று பேத்தியை ஏந்தி நிற்கும் தகுதி அவருக்கு இல்லை.

"வருஷா வருஷம் இந்தச் சாமிக்கு வேற இடமே கிடைக்கலையா?" என்றாள் ஓர்டென்சியா, மேடுபள்ளமான கற்பலகைகள் பாவிய தெருவில் தடுமாறியபடி. "போன வருஷமும் இங்கதானாம். அதுக்கு முந்தின வருஷமும். என்னங்க, இந்த வெயில்ல கோட்டு எதுக்கு? கழட்டுங்க."

"குளிருது."

"குளிருதா? நெத்தியில ஆறு ஓடுது."

ஆறு என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை. கோட்டின் வலப்பக்கம் கல்லின் கனத்தில் முழங்காலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பழைய வீட்டின் முற்றத்தில் கூட்டம் சுவரோவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எவரிஸ்டோ மெதுவாகக் குனிந்து தூணடியில் கல்லை வைத்துவிட்டு நடந்தார். பத்தடி போயிருக்க மாட்டார். தொப்பி போட்ட வெளிநாட்டுப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கைகளிலும் ஏந்தி, கோயில் பிரசாதம் போலக் கல்லை நீட்டினாள். விழுந்துவிட்டதாம்.

"என்னுது இல்லம்மா" என்று சைகை காட்டினார். அவளுக்குப் புரியவில்லை. தானே அதை அவருடைய கோட்டுப் பையில் போட்டு, மேலே தட்டியும் கொடுத்தாள்.

இதைப் பங்குப் பாடகர் குழுவின் எர்சிலியா பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளுத்தது. தன் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு விலகி நடந்தாள். திருடனைப் பார்த்தால் அப்படித்தானே செய்வார்கள் என்று எவரிஸ்டோ நினைத்தார். போச்சு. மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஆளில்லாத இடம் தேடிப் பழைய குளியல் கூடத்துக்குள் நழுவினார். உள்ளே அரையிருட்டு. கல்லை வெளியே எடுத்தவர், மூலையில் ஏதோ அசைவதைக் கண்டு மறுபடி உள்ளே போட்டார். அங்கே உபால்டோ குந்தியிருந்தான்.

"இங்க என்னடா பண்றே?"

"செருப்பு நாடா கட்டுறேன், இன்ஸ்பெக்டரே. நீங்க?"

"காத்து வாங்குறேன்."

"இங்கயா? நல்ல காத்துதான்."

இருவரும் ஒன்றாகவே வெளியே வந்தார்கள். வெயிலில்தான் எவரிஸ்டோ கவனித்தார்: உபால்டோவின் செருப்பில் நாடாவே இல்லை. ஆக, தன்னைப் பிடிக்கவே முன்கூட்டி வந்து பதுங்கியிருக்கிறான். அதன்பிறகு அவர் எந்தத் தெருவில் திரும்பினாலும் உபால்டோ அங்கே இருந்தான். இவரைக் கண்டதும் வானத்தைப் பார்த்தான்.

பைன் மர நிழலில் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். கோட்டு இனி ஆகாது என்று, ஓர்டென்சியா கை கழுவப் போன நேரத்தில் எவரிஸ்டோ கல்லைச் சின்னச் சாப்பாட்டுக் கூடைக்குள், ரொட்டிகளுக்கு அடியில் செருகினார். அவள் வந்ததும் வராததுமாகக் கூடைக்குள் கைவிட்டாள்.

"இது என் கத்தரிக்காய்க் கல்லுல்ல? நேத்தெல்லாம் தேடி, கடைசியில இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வச்சிருக்கேன் கத்தரிக்காய் மேல. இதை எதுக்குங்க இங்க சுமந்துட்டு வந்தீங்க?"

குரல் கேட்டுப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அதுதான் எவரிஸ்டோவை மேலும் கலக்கியது.

கூடையோடு அவளைத் தனியே அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

"ஆறு இவ்வளவு நேர்த்தியா இலை செதுக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் ஓர்டென்சியா. "நீங்களா ஒருநாள் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன். முப்பத்தெட்டு வருஷம் ஆகும்னு நினைக்கல. வாங்க, நான் மறைச்சிக்கிறேன்."

ரொட்டித் தூளை உதறுவதுபோல அவள் கூடையிலிருந்த மேசை விரிப்பை எடுத்து அகல விரித்து உதறினாள். அதன் பின்னால் எவரிஸ்டோ உடைந்த சுவரோரம் மண்டியிட்டார். காற்று வீசியது. விரிப்பு அவள் கையிலிருந்து பறந்து, சுவருக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த காவலாளியின் தலையைப் போய் மூடியது.

காவலாளி விரிப்பை விலக்கினார். நரைத்த மீசை, கழுத்தில் விசில். மண்டியிட்டிருந்தவரையும் அவர் கையில் இருந்த கல்லையும் பார்த்தார். பிறகு ஓர்டென்சியாவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் என்கூட வாசலுக்கு வாங்க."

அதற்குள் சாப்பாடு முடிந்து, வாசலில் பங்கு மக்கள் அனைவரும் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். தோன் செவெரினோ, எர்சிலியா, முன்வரிசையில் உபால்டோ. எவரிஸ்டோ ஒரு கணம் நின்றார். கல் ஓர்டென்சியாவின் கூடையில் இருந்ததை ஏழெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள். தான் பேசாமல் இருந்தால் பழி அவள்மேல் விழும். சந்தையில் எத்தனை பேரைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தித் தலைகுனிய வைத்திருக்கிறார். இன்று தன் முறை.

"இவ மேல தப்பில்லை" என்றார் உரக்க. "இந்தக் கல்லைத் திருடினவன் நான். முப்பத்தெட்டு வருஷம் வீட்டுல வச்சிருந்தேன். திரும்ப வைக்க வந்தேன். உபால்டோ, நீ தேடின ஆள் நான்தான். ஊருல போய்ச் சொல்லிக்கோ."

உபால்டோவின் காதுகள் சிவந்தன. எர்சிலியா கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு உபால்டோ முன்னே வந்து, எவரிஸ்டோவின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் கையால் தட்டிவிட்டான். ஏன் என்று எவரிஸ்டோவுக்குப் புரியவில்லை.

காவலாளி தன் அறைக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். எவரிஸ்டோவின் கல்லை வாங்கி, அதில் கிடந்த மற்றவற்றின் மேல் பதமாக வைத்தார்.

"சாமி, இந்த வருஷம் உங்க பஸ்ஸுல வந்து இங்க மூலை மூலையா இறங்கினது மொத்தம் பதினேழு கல்லு," என்றார் அவர். "வாயத் திறந்து ஒத்துக்கிட்டது இவர் ஒருத்தர்தான்."