மஞ்சள் நாளில் ஒரு பச்சை ஜிமிக்கி

எனக்குப் பொய் சொல்லச் சாமர்த்தியம் போதாது. சொன்ன பொய்யைக் காப்பாற்றத் தலைகீழாய் நிற்பதில் மட்டும் குறை வைக்கமாட்டேன்.

கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து ஏழு மாதம். கணவர் காலையில் சிறுசேரிக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். அதுவரை நான் பேசுவது குக்கரோடு. (அது மூன்று விசிலாவது பதில் சொல்லும்.) திருச்சியிலிருந்து அம்மா தினமும் கேட்பாள்: "அங்க யாராவது பழக்கமாச்சாடி?"

"ஐயோ, நிறைய பிரெண்ட்ஸ்மா!"

நவராத்திரி வந்ததும், "கொலுவுல எல்லாரோடயும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டாள். வசமாக மாட்டிக்கொண்டேன்.

கீழே ஹாலில் பொதுக்கொலு. தினம் ஒரு நிறம். பெண்களெல்லாம் அன்றைய நிறத்தில் வந்து குரூப் போட்டோ எடுப்பார்கள் என்று லிஃப்டில் காதில் விழுந்தது. என்ன நிறமென்று கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை என்பது தெரிந்துபோகுமே! இணையத்தில் ஒரு பட்டியல் கிடைத்தது. நான் போக நினைத்த மூன்றாம் நாள் பச்சை; பொருள், புதிய தொடக்கம். அட, எனக்கென்றே எழுதியிருக்கிறார்கள்!

தாம்பரம் மார்க்கெட்டில் அரைநாள் அலைந்தேன். பச்சைப் பட்டுக்குப் பச்சைக்கல் அட்டிகை, ஜிமிக்கி, கைக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல், பொட்டும் பச்சை. கொத்தமல்லிக் கட்டு மாதிரி ஹாலுக்குள் நுழைந்தேன்.

ஹால் முழுக்க மஞ்சள். நான் பார்த்தது போன வருடப் பட்டியலாம். கிழமையைப் பொறுத்து வரிசை வருடாவருடம் மாறுமாம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பேச்சு ஆரம்பித்திருக்கும். ஒரு மாமி அன்பாகவே, "நீங்க கலர் மாத்திக் கட்டிட்டீங்க போல... கொஞ்சம் எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று போனை நீட்டினார். எடுத்தேன். போனைத் தூக்கியதும் வளையல்கள் வேறு கலகலத்து மானத்தை வாங்கின. சுண்டல்கூட வாங்காமல் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அங்கே எங்கள் பிளாக்கைப் பெருக்கும் அக்கா நின்றிருந்தார். அவருடைய யூனிஃபார்ம் புடவை பளீரென்ற பச்சை.

"இன்னாம்மா, நம்ம கலர்ல வந்துக்கீறே! கண்ணு ஏன் கலங்கிக்கீது?"

"எல்லாரும் மஞ்சள். நான் மட்டும் தப்பாக் கட்டிட்டேன்."

"இன்னா தப்பு? நானும் பச்சைதான? போனை எடு. ரெண்டு வளையல் குடு, மேட்சிங்கா இருக்கட்டும்."

இரண்டென்ன, ஒரு கை வளையலையும் கழற்றிக் கொடுத்தேன். எடுத்த செல்ஃபியை வீட்டுக்குப் போய் அனுப்பியதும் அம்மா கூப்பிட்டாள்.

"நீ பொய் சொல்றியோன்னு இத்தனை நாள் பயந்துட்டிருந்தேன்டி. வளையல்கூட ஒரே மாதிரி! உன் பிரெண்டு பேரென்ன?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதமாக, அவர் துடைத்த ஈரத்தில் கால் படாமல் தாண்டிப் போயிருக்கிறேன். பேர் கேட்டதில்லை. என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அழுத மகராசி நான்!

"இரும்மா" என்று போனை வைத்துவிட்டு, மூன்று மாடியும் ஓடி இறங்கிக் கேட்டேன். செல்வி. பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார்.

அம்மா இங்கே வந்திருந்தபோது ஒருநாள் இதை நானே வீட்டில் உளறித் தொலைத்தேன். இன்றுவரை யாரையாவது "என் பிரெண்ட்" என்று நான் ஆரம்பித்தால் போதும், அம்மாவும் கணவரும் ஒரே குரலில் கேட்கிறார்கள்: "பேர் தெரியுமா?"