ஆறு பச்சையாகும் நாள்

எவாரிஸ்தோவின் கைகள் இரண்டும் முழங்கை வரை பச்சையாகியிருந்தன. தேய்க்கத் தேய்க்கப் பச்சை கூடியதே தவிரக் குறைவதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஹீகரோ ஆற்றுப் பாலத்தில் ஊரே கூடப்போகிறது. ஆற்றுப் பாதுகாப்புக் கமிட்டித் தலைவர் என்ற முறையில் ஏற்பாடு அவருடையது. யார் வீட்டுக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று மக்களுக்குக் கண்ணால் காட்டுவதற்காக ஒரு பொட்டலம் சாயப்பொடி வரவழைத்திருந்தார். சந்தேகப்படும் சாக்கடையில் அதைக் கரைத்து ஊற்றினால், கலப்பது உண்மையென்றால், ஆறு பச்சையாகும். சந்தேகம் பன்றிப் பண்ணை அன்செல்மோ மேல்தான். ஒரு வருடமாக ஒலிபெருக்கியில் அந்த மனிதரின் மானத்தை எவாரிஸ்தோ வாங்கிக்கொண்டிருந்தார்.

பொட்டலம் தன் சமையலறையிலேயே பிய்ந்து கொட்டும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

தரையைத் துடைத்தார், தரை முழுக்கப் பச்சை. துடைத்த துணியை அலசினார். பாத்திரம் கழுவும் தொட்டியும் பச்சை. எல்லாவற்றையும் வாளி வாளியாகக் கழிவறையில் ஊற்றிவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஜூஸ் கடைக்காரி கிறிசான்தா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கிளியக் குளிப்பாட்டுனீங்களா?"

"நாளைக்குப் போடப்போற சாயம்மா. பயப்படாத, குடிச்சாக்கூட ஒண்ணும் பண்ணாது."

அதற்குள் மனைவி ஒதிலியா சந்தையிலிருந்து திரும்பிவிட்டாள். சமையலறையைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"கழுவுன தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"நம்ம கழிவுத் தொட்டிக்குத்தான்."

"நிச்சயமா தொட்டிக்குத்தான் போகுதா?"

அந்தத் தொட்டியைக் கட்டியது ஒதிலியாவின் தம்பி. கட்டிய நாளிலிருந்து ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

"உன் தம்பி குழாயை எங்க விட்டான்?"

"என்னைக் கேட்டா? அவனுக்குப் பீர் வாங்கிக் குடுத்து வேலை வாங்குனது நீங்க."

குழாய் ஆற்றைப் பார்த்துத் திறந்திருந்தால் என்ன ஆகும் என்று எவாரிஸ்தோ யோசித்துப் பார்த்தார். 'ஒழுகாத தொட்டி கட்டுங்கள்' என்று வீடு வீடாகப் போய்ப் புத்தி சொன்னவர் அவர். பச்சை அவர் வீட்டிலிருந்து வந்தால் ஊரில் தலைகாட்ட முடியாது.

காலையில் ஒதிலியாவின் மஞ்சள் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டு பாலத்துக்குப் போனார். கூட்டம் முழுவதும் கையுறையையே பார்த்தது.

"அது எதுக்கு?" என்றார் அன்செல்மோ.

"பாதுகாப்பு விதி."

"அப்ப அது விஷமா?"

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. பெண்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் எவாரிஸ்தோ கையுறையைக் கழற்றினார்.

"விஷமில்லன்னு நானே பூசிப் பார்த்துட்டேன். குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது."

"நம்ம தலைவருக்குத் தியாகம் முழங்கை வரைக்கும் இருக்கு," என்றார் அன்செல்மோ. எல்லாரும் சிரித்தார்கள்.

பொட்டலத்தின் மூலையில் ஒட்டியிருந்த மிச்சப் பொடியைப் பண்ணைச் சாக்கடையில் கரைத்துவிட்டு எல்லாரும் ஆற்றைப் பார்த்து நின்றார்கள். வெயில் ஏறியது. விற்க வந்திருந்த, பீன்ஸ் வைத்து மடித்த பலியாதா ரொட்டி தீர்ந்தது. கிறிசான்தாவின் எலுமிச்சை ஜூஸ் மட்டும் குளுகுளுவென்று பச்சையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆறு மாறவில்லை, எப்போதும் போலக் கலங்கல் நிறம்தான்.

பண்ணைப் பக்கமும் பச்சை இல்லை, தன் வீட்டுப் பக்கமும் இல்லை. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எவாரிஸ்தோவுக்குப் புரியவில்லை.

"ஒரு வருஷம் என்னைத் திட்டுனியே, அதே மைக்குல மன்னிப்புக் கேளு," என்றார் அன்செல்மோ.

கேட்டார். கேட்டு முடித்ததும் நிம்மதி தலைக்கேறிவிட்டது. மைக்கைக் கீழே வைக்க மனசு வரவில்லை.

"இன்னொரு விஷயம். நேத்து எங்க வீட்டுலயே பொட்டலம் கொட்டி, அம்புட்டுச் சாயமும் எங்க தொட்டிக்குத்தான் போச்சு. ஒரு சொட்டு ஆத்துக்கு வந்துதா? தொட்டின்னா அதுதான் தொட்டி. எல்லாரும் வந்து பாத்துட்டு அதே மாதிரி கட்டுங்க."

ஊர் கைதட்டியது. ஒதிலியாகூடத் தட்டினாள். எவாரிஸ்தோ ஒரே மூச்சில் ஒரு ஜூஸைக் குடித்துவிட்டு இரண்டாவதற்குத் தம்ளரை நீட்டினார்.

"பிரமாதம் கிறிசான்தா. என்ன அழகான பச்சை. புதினா ஏதும் அரைச்சுப் போட்டியா?"

"நான் ஒண்ணும் போடலண்ணே," என்றாள் அவள், ஊற்றிக்கொண்டே. "காலையில எங்க கிணறே இந்தக் கலர்லதான் இருந்துச்சு. கமிட்டிதான் ஏதோ நல்லது பண்ணியிருக்குன்னு நெனச்சேன்."